பேஸ்பால் எறியக் கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் ஆட வருபவர்கள் முதலில் ஆசைப்படுவது மட்டைக்குத்தான். ஆனால் மட்டை பிடிக்க ஓர் ஆட்டத்தில் நாலைந்து தடவைதான் முறை வரும். எறிவது அப்படியல்ல, மைதானத்தில் இறங்கிய நிமிடத்திலிருந்தே எறிந்தாக வேண்டும். புதிதாக வருபவர்களோடு சில ஆண்டுகளாகப் பந்து எறிந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாமே வலது கைக்காரரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இது பழகிப்போன வேலைதான்.

கிரிக்கெட் பந்து எறிந்து பழக்கம் உண்டு. இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிந்து பழகியவர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். உடம்பின் அசைவு கிட்டத்தட்ட ஒன்றே. பந்து கொஞ்சம் வேறு. பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். எடை குறைவு, ஆனால் சுற்றளவு ஒரு நூலளவு அதிகம். கிரிக்கெட் பந்தில் தையல் நடுவில் ஒரே பட்டையாக ஓடும். பேஸ்பாலில் அது குதிரை லாடம் போல வளைந்து வளைந்து பந்து முழுவதையும் சுற்றும். அதனால் பிடிப்பு மாறுகிறது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் எண்ணிக்கை. கிரிக்கெட்டில் ஒரு ஃபீல்டர் முழு பலத்தோடு எறிவது ஒரு நாளில் சில தடவைகள்தான். பேஸ்பாலில் ஒரு மணி நேரப் பயிற்சியிலேயே எண்பது, நூறு எறிகள் ஆகிவிடும். கோணலான முறையில் பத்து தடவை எறிந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும், நூறு தடவை எறிந்தால் பொறுக்காது.

பௌலிங் பழக்கம் மட்டும் இங்கே அவ்வளவாக உதவாது. அங்கே முழங்கை 15 டிகிரிக்கு மேல் மடங்கி விரியக் கூடாது என்பது விதி. இங்கே மடங்கி விரிவதுதான் எறிதலே.

பந்தை எப்படிப் பிடிப்பது?

பந்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள் இருக்கும். அவை ஓரிடத்தில் லாடமாக வளையும். அந்த லாடத்துக்குக் குறுக்காக ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வையுங்கள், விரல் நுனிகள் தையலின் மேல் உட்காரட்டும். கட்டை விரல் பந்துக்கு நேர் அடியில், மேலே உள்ள இரு விரல்களின் நடுவுக்கு எதிரே இருக்க வேண்டும். மோதிர விரல் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும். மேல் விரல்கள் இரண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி போதும்.

இதற்கு நான்கு தையல் பிடி என்று பெயர். பந்து ஒரு முறை சுழல்வதற்குள் நான்கு தையல் கோடுகள் காற்றை எதிர்கொள்வதால் வந்த பெயர். விரல்கள் கடைசியாகத் தையலைக் கீழ்நோக்கி இழுத்து விடும்போது பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சி பந்துக்கு மேலே ஓடும் காற்றையும் கீழே ஓடும் காற்றையும் வேறு வேறு விதமாகத் திருப்பிவிடுவதால் பந்தின் மேல் ஒரு தூக்கும் விசை உண்டாகிறது. பந்து மேலே ஏறிவிடாது. விழ வேண்டிய அளவைவிடக் குறைவாக விழும், நேராகப் போகும். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில், மட்டைக்காரருக்குப் பந்து வீசும் பிட்சர்களின் வேகப்பந்து சராசரியாக நிமிடத்துக்கு 2,200 சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, சுழற்சி நேராக இருந்தாலே போதும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பந்தை உள்ளங்கைக்குள் அமுக்கிக்கொள்வது. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இறுக்கத்துக்கு ஒரு சோதனை: எதிரே நிற்பவரைப் பந்தைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்துவிட்டால் சரி. பிடுங்க வேண்டியிருந்தால் முன்கை இறுகிப்போயிருக்கிறது, இறுகிய கை வேகமாக வீசாது.

அப்புறம் இன்னொன்று. ஆட்டத்தில் பந்தைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்க நேரம் கிடைக்காது. மற்றக் கையில் போடும் பந்து பிடிக்கும் கையுறையான கிளவுக்குள் கையை விட்டு, பார்க்காமலே தையலைத் தடவி இந்தப் பிடிக்கு வரப் பழக வேண்டும். டிவி பார்க்கும்போது செய்யலாம், தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

என் பிள்ளையின் கை சிறியது. இரண்டு விரலில் பந்து நிற்கவில்லை.

மூன்று விரல்களை மேலே வைக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய பிள்ளையென்றால் நான்கும் வைக்கலாம். கை வளர்ந்ததும் தானாக இரண்டுக்கு வந்துவிடும். டென்னிஸ் பந்து அல்லது மென்மையான பயிற்சிப் பந்தில் தொடங்கினால் இன்னும் நல்லது, மூக்கில் பட்டுவிடுமோ என்ற பயம் இருக்காது. பயந்த பிள்ளைக்கு எந்த முறையும் ஏறாது.

எப்படி நிற்க வேண்டும்? எந்தக் கால் முன்னே?

எதிர்க் கால். வலது கையால் எறிந்தால் இடது கால். தெரிந்த விஷயம் போலத் தோன்றும், ஆனால் முதல் நாளில் வலது கையும் வலது காலும் சேர்ந்து முன்னே போகும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வலது பாதத்திலிருந்து இலக்குக்கு ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது பாதத்தை அந்தக் கோட்டுக்குக் குறுக்காக வையுங்கள், பாதத்தின் உள்பக்கம் இலக்கைப் பார்க்கும். உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பி, இடது தோள் இலக்கைக் காட்டும். இனி இடது காலைத் தூக்கிக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், விரல்கள் கிட்டத்தட்ட இலக்கை நோக்கி இருக்கட்டும். கோட்டுக்கு இடப்பக்கம் விலகி வைத்தால் உடம்பு சீக்கிரம் திறந்துகொண்டு கை பின்தங்கிவிடும். வலப்பக்கம் தாண்டி வைத்தால் சொந்த உடம்பே வழியை மறிக்கும், குறுக்கே எறிய வேண்டிவரும். மண் தரை என்றால் உண்மையிலேயே குச்சியால் ஒரு கோடு கிழித்து, எறிந்த பிறகு பாதத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, தடமே சொல்லிவிடும்.

வேகம் எங்கிருந்து வருகிறது? எனக்குக் கையில் பலமே இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துவைத்துக்கொண்டு, கையை மட்டும் அசைத்து ஒரு பந்தை எறியுங்கள். பிறகு எழுந்து நின்று, காலை எடுத்துவைத்து எறியுங்கள். இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசம் கையிலிருந்து வரவில்லை. அது காலும் இடுப்பும் முதுகும் கொடுத்தது.

எறிதல் சாட்டை வீசுவது மாதிரி. சாட்டையில் அசைவது முதலில் பிடிதான், நுனி கடைசியில்தான் வரும். ஆனால் எல்லாவற்றையும்விட வேகமாகப் போவது அந்த நுனி. நம் உடம்பிலும் அதே வரிசைதான். இடது கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் தோள்கள் இன்னும் பக்கவாட்டிலேயே இருக்கின்றன. இடுப்புக்கும் தோளுக்கும் இடையே உடம்பு துணி பிழிவது போல முறுக்கிக்கொள்கிறது. பிறகு தோள்கள் சுழன்று இடுப்பைத் துரத்திப் பிடிக்கின்றன. கை இன்னும் வரவில்லை. தோள் திரும்பும்போது முன்கை பின்னே மல்லாந்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும் நிலைக்குப் போகிறது. இதை நீங்கள் வேண்டுமென்று செய்யக் கூடாது, உடம்பு முன்னே ஓடும்போது பந்து பின்னால் தங்குவதால் தானாக நடப்பது. அதன் பிறகுதான் முழங்கை விரிகிறது, மேல்கை உள்நோக்கிச் சுழல்கிறது, பந்து பறக்கிறது.

அந்தக் கடைசிச் சுழற்சி, தேர்ந்த பிட்சர்களிடம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி வேகத்தை எட்டுகிறது. அதே வேகத்தில் நிற்காமல் சுற்ற முடிந்தால் ஒரு நொடியில் பத்தொன்பது முழு வட்டங்கள் வரும். மனித உடம்பில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. எந்தத் தசையும் தனியாக இதைச் செய்துவிட முடியாது. கீழேயிருந்து ஒவ்வொரு பாகமும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே வருவதால்தான் முடிகிறது. ஒல்லியான உடம்புக்காரர் பறக்கவிடுவதும், பாறை போலப் புஜம் வைத்திருப்பவரின் பந்து பாதியிலேயே தொங்கிப்போவதும் இதனால்தான்.

ஆகவே பலம் போதவில்லை என்று தோன்றினால், கையை இன்னும் வேகமாக ஆட்டாதீர்கள். காலை ஊன்றிவிட்டுத்தான் தோள் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். கைபேசியை மெதுவான வேகத்தில் ஓடவிட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காணொளி எடுத்தால் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கால் காற்றில் இருக்கும்போதே தோள் திரும்பி முடிந்திருக்கும்.

கை எந்தப் பாதையில் போக வேண்டும்?

இரண்டு கைகளும் மார்புக்கு முன்னே, பந்து கிளவுக்குள். அங்கிருந்து கைகள் பிரியும்போது இரண்டு கட்டை விரல்களும் தொடையை நோக்கித் திரும்பட்டும். வலது கை கீழே இறங்கி, பின்னே போய், மேலே ஏறும். ஒரே ஓட்டமாக, எங்கும் நிற்காமல். இடது கால் தரையைத் தொடும்போது வலது முழங்கை தோளின் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும், பந்து அதற்கு மேலே.

பழைய பாணியில், கையை இரண்டு பக்கமும் விரித்து, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, அப்படியே நிறுத்தி, பிறகு எறி என்று சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அசைவின் நடுவில் எடுத்த ஒரு புகைப்படம். புகைப்படத்தைப் பார்த்து நின்றுவிட்டால் கால் கொடுத்த வேகம் அங்கேயே செத்துவிடுகிறது. சின்னப் பிள்ளைக்கு முதல் நாள் நிலையைக் காட்டுவதற்கு மட்டும் சரி, அடுத்த நாளே அதை மறக்கவைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியது, பந்தைக் காதோரம் வைத்து அம்பு குத்துவதுபோல முன்னே தள்ளுவது. முழங்கை தோளுக்குக் கீழே தொங்கிவிட்டாலும் இதே கதைதான்: பந்து பறக்காது, முழங்கைக்குத்தான் அடி.

மேலிருந்து எறிய வேண்டுமா, பக்கவாட்டிலா?

“கையை மேலே தூக்கு” என்று பயிற்சியாளர்கள் கத்துவது வழக்கம். உண்மையில் மேலிருந்து எறிபவருக்கும் பக்கவாட்டில் எறிபவருக்கும் மேல்கை தோளோடு செய்யும் கோணம் பெரிதாக மாறுவதில்லை, இருவருக்குமே ஏறத்தாழ செங்கோணம். மாறுவது முதுகின் சாய்வு. உடம்பை இடப்பக்கம் சாய்த்தால் வலது கை உயரே போகும், நேராக நின்றால் பக்கவாட்டில் போகும். எனவே உடம்பைச் சாய்க்காமல் கையை மட்டும் தலைக்கு மேலே தூக்குவது தோளுக்குக் கேடு.

தொடங்குபவருக்கு, நேர் மேலும் இல்லாமல் நேர் பக்கமும் இல்லாமல் நடுவில் ஒரு கோணம் இயல்பாக அமையும். அதை மாற்றாதீர்கள். வால்டர் ஜான்சன் பக்கவாட்டில் வீசியே அவருடைய காலத்தின் மிக வேகமான பிட்சர் என்று பெயர் வாங்கினார். பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்கள் குனிந்து பந்தை எடுத்த வேகத்தில், நிமிர நேரமில்லாமல், தண்ணீரில் தவளைக்கல் விடுவது போலப் பக்கவாட்டில் தட்டிவிடுவார்கள். அதுவும் பின்னால் கற்க வேண்டியதுதான், முதலில் அல்ல.

மணிக்கட்டைச் சுண்ட வேண்டுமா?

வேண்டாம். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் போதும், கை வரும் வேகத்தில் அதுவே பின்னே மடங்கி முன்னே வந்துவிடும். பந்து விரலை விட்டுப் போகும்போது மணிக்கட்டு கிட்டத்தட்ட நேராகத்தான் இருக்கிறது. நாம் பார்க்கும் அந்தச் சுண்டல் பந்து போன பிறகு நடப்பது. கடைசியாகப் பந்தைத் தொடுவது ஆள்காட்டி விரல் நுனியும் நடு விரல் நுனியும். அதில் மட்டும் கவனம் வையுங்கள்.

கிளவ் போட்ட கைக்கு என்ன வேலை?

நிறைய. அது முதலில் இலக்கை நோக்கி நீளும், தோள் பக்கவாட்டில் நிற்க உதவும். உடம்பு திரும்பும்போது கிளவ் மார்பை நோக்கி மடங்கி வரும், அல்லது மார்பு கிளவை நோக்கிப் போகும் என்று சொல்லலாம். இடுப்புக்குப் பின்னால் அதை வீசியெறிந்தால் இடது தோள் முன்னதாகவே திறந்துகொள்ளும். நான் பார்த்த வரை, குறி தவறுபவர்களில் பாதிப்பேருக்குக் கோளாறு எறியும் கையில் இல்லை, இந்தக் கையில்தான்.

பந்தை விட்ட பிறகும் கையை முழுக்க வீச வேண்டுமா? பந்துதான் போய்விட்டதே.

பந்து போய்விட்டது, வேகம் போகவில்லை. கண் இமைப்பதற்குள் அந்தக் கை நின்றாக வேண்டும். அப்போது தோள் மூட்டை இழுக்கும் விசை, தேர்ந்த பிட்சருக்கு அவருடைய உடல் எடையளவுக்கு வரும். ஓடுகிற வண்டிக்குச் சட்டென்று பிரேக் போடுவதா, மெல்ல நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. முதுகு குனிந்து, கை உடம்புக்குக் குறுக்கே இறங்கி, இடது முழங்காலுக்கு வெளியே போய் முடியட்டும். வலது கால் தானாகத் தூக்கி முன்னே வரும், தடுக்காதீர்கள்.

பந்து ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம் போகிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் போனால் முறையே இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். தூரத்தைக் குறைத்துக்கொண்டு எறியுங்கள். ஒரே பக்கம் தவறிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்குக் காரணம் உண்டு.

தலைக்கு மேல் போகிறதா? பந்தைச் சீக்கிரம் விடுகிறீர்கள். உடம்பின் பாரம் பின்காலிலேயே தங்கியிருக்கும். தரையில் குத்துகிறதா? தாமதமாக விடுகிறீர்கள், அல்லது பந்தை அமுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். மேலேயும் வலப்பக்கமுமாகச் சேர்ந்து போனால் இடது தோள் சீக்கிரம் திறந்து, முழங்கை தாழ்ந்து பின்தங்கியிருக்கும். புதியவர்களிடம் அதிகம் காண்பது இதுதான். இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் கிளவ் கையையும் தலையையும் இடது பக்கம் வெட்டி இழுக்கிறீர்கள்.

பந்து நேராகக் கிளம்பிப் பாதி வழியில் பக்கவாட்டில் வளைந்தால் விரல்கள் பந்துக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில் நழுவியிருக்கின்றன. இதைப் பார்க்க ஒரு எளிய வழி: பழைய பந்தில் விரல்கள் போகும் திசையிலேயே பந்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு வரையுங்கள். சரியாக எறிந்தால் பறக்கும்போது அது அசையாத ஒரே கோடாகத் தெரியும். தள்ளாடினால் விரல் நழுவியிருக்கிறது. ஆயிரம் அறிவுரையைவிட இந்தக் கோடு எனக்கு உதவியிருக்கிறது.

தனியாகப் பயிற்சி செய்ய முடியுமா?

சுவரும் ரப்பர் பந்தும் இருந்தால் போதும். சுவரில் மார்பு உயரத்தில் ஒரு சதுரம் வரைந்து, ஐந்தாறு மீட்டரிலிருந்து எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்து, காலைச் சரிசெய்து, மறுபடி எறியுங்கள்.

வலது முழங்காலைத் தரையில் ஊன்றி எறியும் பயிற்சியை எல்லோரும் சொல்லித் தருவார்கள். விரல், முன்கை, தோள் சுழற்சி ஆகியவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க அது நல்லது. ஆனால் அதில் காலுக்கு வேலையே இல்லை. பத்து எறிகள் போதும், அதையே முழுப் பயிற்சியாக்கினால் கையால் மட்டும் எறியும் பழக்கம்தான் வளரும். அதைவிட எனக்குப் பிடித்தது, வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே எடுத்துவைத்து, அந்த நடையின் போக்கிலேயே எறிவது. உடம்பு நின்றுபோக முடியாது, இடுப்பு தானாக முன்னே போய்விடும்.

இன்னொருவரோடு எறிந்து பிடிக்கும்போது எதைக் கவனிப்பது?

அவருடைய மார்பைக் குறிவையுங்கள். மொத்தமாக ‘அவர் பக்கம்’ எறியாதீர்கள், சட்டையில் ஒரு பொத்தானைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஏழெட்டு மீட்டர், உடம்பு சூடானதும் ஒவ்வோர் அடியாகப் பின்னே போகலாம். ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 90 அடி, அதாவது 27.4 மீட்டர். பெரியவர்களுக்கு அந்தத் தூரத்தில் பந்து தொங்காமல் போனால் ஆட்டத்துக்குத் தயார். மட்டைக்காரர் நிற்கும் ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குக் குறுக்கே 127 அடிக்கும் சற்று அதிகம், ஹோமுக்குப் பின்னே உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர்கள் அதை எழுந்த வேகத்தில் எறிய வேண்டும். சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக்கில் பேஸ் தூரம் 60 அடிதான்.

எறிவதற்கு முன்பே உடம்பு சூடாகியிருக்க வேண்டும். கொஞ்சம் ஓடிவிட்டு, கைகளைச் சுழற்றிவிட்டு வாருங்கள். குளிர்ந்த தோளோடு முதல் பந்தையே முழு வேகத்தில் விடுவது வினையை விலைக்கு வாங்குவது.

மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டிலிருந்து தூரமாக எறிவது எப்படி?

ஓடிவரும் வேகத்தை வீணாக்காமல் இருப்பதில்தான் எல்லாம். பந்தை எடுத்ததும் வலது காலால் முன்னோக்கி ஒரு சின்னத் துள்ளல், காற்றிலேயே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு வலது காலில் இறங்குவது, உடனே இடது கால், எறி. காக்கை தத்துவது போல இருக்கும். உயரத் துள்ளக் கூடாது, முன்னே துள்ள வேண்டும்.

2001 ஏப்ரல் 11 அன்று ஓக்லாந்தில் ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி, அவுட்ஃபீல்டின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிந்த எறியைத் தேடிப் பாருங்கள். பந்து தரையில் படாமல், தொங்காமல், ஃபீல்டரின் கிளவுக்குள் நேராக வந்து, ஓடிவந்த டெரன்ஸ் லாங்கை அவுட் ஆக்கியது. இச்சிரோ பெரிய உடம்புக்காரர் இல்லை என்பதையும் கவனியுங்கள். தூரத்துக்கு மட்டும் என்றால், 1957-இல் கிளென் கோர்பஸ் எறிந்த 445 அடி 10 அங்குலம் சாதனையாக நிற்கிறது.

பிட்சிங்கும் இதுதானா?

அடிப்படை ஒன்று. பிட்சர் 10 அங்குல உயர மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தூரத்துக்கு, காலை உயர்த்தி, நீண்ட அடி எடுத்துவைத்து எறிகிறார். ஃபீல்டருக்கு வேகமாகக் கையை விட்டுப் பந்து கிளம்ப வேண்டும், பிட்சருக்கு அந்த அவசரம் இல்லை. சமதரையில் ஒழுங்காக எறிய வரும் வரை மேட்டில் ஏறாதீர்கள்.

எறிந்த பிறகு கை வலிக்கிறது. தொடரலாமா?

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. மறுநாள் முதுகும் தொடையும் தோளின் பின்தசையும் கனத்தால், அது வேலை செய்த அலுப்பு. சரியான இடங்கள் உழைத்திருக்கின்றன என்பதற்கு அடையாளம்கூட. முழங்கையின் உள்பக்கமோ தோள் மூட்டுக்குள்ளோ குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நான் தொடங்கிய முதல் வாரத்தில் ஆர்வக்கோளாறில் சுவரில் இருநூறு பந்து எறிந்து, மூன்று வாரம் குடத்தைத் தூக்க முடியாமல் இருந்தேன்.

முழங்கையின் உள்பக்கத்தில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிவைக்கும் ஒரு நார் உண்டு. முன்கை மல்லாந்து பின்னே சாய்கிற கணத்தில் முழுச் சுமையும் அதன் மேல்தான். 1974-இல் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு அது அறுந்தது. மருத்துவர் ஃபிராங்க் ஜோப் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். 1976-இல் திரும்பி வந்த ஜான், 1989 வரை ஆடி, அறுவைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள் பெற்றார். இன்றைக்கும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான். அதைக் கேட்டுவிட்டு, அறுவை செய்தால் கை இன்னும் பலமாகும் என்று நம்பும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பிட்சருக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் தின்னும் பழுதுபார்ப்பு, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு இடத்தில். வளரும் எலும்பின் நுனிகளில் இன்னும் கெட்டியாகாத குருத்துப் பகுதி இருக்கும், அந்த நாரைவிட அது பலவீனமானது. அதிகம் எறிந்தால் அந்த இடம் பாதிக்கப்படும். மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, ஒரு நாளில் பிட்ச் செய்யும் பந்துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது: 7, 8 வயதுக்கு 50, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85, 13 முதல் 16 வயது வரை 95. பதினான்கு வயது வரை, 66 அல்லது அதற்கு மேல் பந்துகள் போட்ட பிள்ளைக்கு நான்கு நாள் ஓய்வு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்தில் நான்கு மாதமாவது எறிவதே வேண்டாம் என்கிறது. பிள்ளை “வலிக்கல” என்று சொல்வதை நம்பாதீர்கள். ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்வது அது. முழங்கையைத் தடவிக்கொள்கிறதா, தோளைக் குலுக்குகிறதா என்று பாருங்கள். வலி இரண்டு நாளில் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கர்வ் பால் எப்போது கற்றுத் தரலாம்?

பன்னிரண்டு வயது வரை வேகப்பந்தும் வேகம் குறைந்த சேஞ்சப்பும் மட்டும் போதும் என்பதே அந்த வழிகாட்டியின் நிலை. என் கருத்தும் அதுதான். நேராக எறியத் தெரியாத பிள்ளைக்கு வளைத்து எறியச் சொல்லித் தருவதில் எனக்கு ஒரு பொருளும் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வேறு முறை உண்டா?

இல்லை. ‘பெண் மாதிரி எறிகிறான்’ என்று கேலி செய்பவரிடம், அவருடைய இடது கையால் ஒரு பந்து எறியச் சொல்லுங்கள். அதே தள்ளல், அதே தொங்கிய முழங்கை, அதே தப்பான கால். அது பழக்கமில்லாத கையின் எறி, பெண்ணின் எறி அல்ல. 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் பந்து வீசி, எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஜெயித்தார்.

நன்றாக எறிந்துகொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் இருப்பவருக்கே எறிய வரவில்லை.

இதற்கு யிப்ஸ் என்று பெயர், பெரிய ஆட்டக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. டாட்ஜர்ஸ் இரண்டாம் பேஸ்மேன் ஸ்டீவ் சாக்ஸ் 1983-இல் கைக்கெட்டும் தூரத்துக்கு எறிய முடியாமல் தவித்து அந்தப் பருவத்தில் 30 பிழைகள் செய்தார், பிறகு மீண்டுவிட்டார். பிட்சர் ரிக் ஆங்கியல் 2000-ஆம் ஆண்டு ப்ளேஆஃப் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கண்டபடி வீசினார். பிட்சிங்கை விட்டுவிட்டு 2007-இல் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்தவருக்கு, தொலைதூர எறிகளில் நல்ல பெயர் கிடைத்தது. கையில் கோளாறு இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்து எறிவதுதான் இதை வளர்க்கிறது. இந்தப் பக்கத்தில் படித்த எல்லாவற்றையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தூரமாக, குறி எதுவும் இல்லாமல், திறந்த வெளியில் எறியுங்கள். பேசிக்கொண்டே எறியுங்கள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இனி வருமா? எவ்வளவு நாள் ஆகும்?

வரும். 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வரை ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். மேஜர் லீக் வரை போகவில்லை என்பது வேறு விஷயம். அவர்கள் இளைஞர்கள் என்பீர்கள், சரி, முப்பதில் தோள் அவ்வளவு வளைந்து கொடுக்காது, அதனால் வேகம் மெல்லத்தான் ஏறும். ஆனால் நேராக எறிய வேகம் தேவையில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாற்பது எறிகள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் இரண்டு வாரம் காலைத் தவிர வேறெதையும் கவனிக்க வேண்டாம். பத்து மீட்டரிலிருந்து பத்து பந்து எறிந்து, எட்டில் அந்தக் கறுப்புக் கோடு தள்ளாடாமல் போனால் இரண்டு எட்டு பின்னே போங்கள். தள்ளாடினால் இரண்டு எட்டு முன்னே வந்து மறுபடி எறியுங்கள்.